பருவம் தவறாத பயிற்சி: குழந்தைகளின் வளர்ச்சித் தாமதமும் இயன்முறை மருத்துவமும்

நாற்றங்காலில் வளர்ந்து நிற்கும் நாற்றை உரிய நாளில் பறித்து நட வேண்டும் என்பதை உழவர்கள் யாவரும் அறிவர். நாற்று மூத்துவிட்டால் தூர் கட்டும் ஆற்றல் குறைந்துவிடும். பின்னர் எத்துணை எரு இட்டாலும், எத்துணை நீர் பாய்ச்சினாலும் இழந்த தூர்களை மீட்க இயலாது. விதை நல்லதாயிருந்தும், நிலம் நல்லதாயிருந்தும், பருவம் ஒன்று தவறியதனால் விளைச்சல் குறைகிறது.

மனிதக் குழந்தையின் வளர்ச்சிக்கும் இத்தகைய பருவம் ஒன்று உண்டு. தலை நிமிர்தல், புரளுதல், உட்காருதல், தவழுதல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றைக் குழந்தை கற்றுக் கொள்ளும் பருவம் அது. ஏதோ ஒரு காரணத்தினால் ஒரு குழந்தை இவற்றில் பின்தங்குமாயின், அக்குழந்தைக்கு உதவி செய்யத் தக்க காலமும் அப்பருவமே. பிசியோதெரபி என்று மக்கள் வழங்கும் இயன்முறை மருத்துவம் அந்தக் காலத்தில் கிடைத்தால் பெரும் நன்மை விளையும். காலம் கடந்து கிடைத்தாலும் பயன் உண்டு. எனினும் முன்னர்க் கிடைத்திருக்கக் கூடிய நன்மை முழுவதும் பின்னர்க் கிடைப்பதில்லை. இவ்வுண்மை ஒவ்வொரு கிராமத்திலும் அறியப்படுதல் அவசியம்.

ஒரு வீட்டில் நிகழ்வது

நம் ஊர்களில் அடிக்கடி காணக்கூடிய ஒரு நிலையை நினைத்துப் பார்ப்போம். ஒரு குழந்தைக்குப் பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் தானாக உட்காரவில்லை. தாய்க்குக் கவலை. "அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளை இவனுக்குப் பின்னால் பிறந்தவன், அவன் உட்கார்ந்து விளையாடுகிறானே!" என்கிறாள். மாமியார் அன்புடையவர், மருமகளின் மனத்தைத் தேற்ற விரும்புகிறார். "இவன் அப்பனும் இரண்டு வயதில்தான் நடந்தான். பயப்படாதே அம்மா, தானாகச் சரியாகும்" என்கிறார். இச்சொல்லில் தீய எண்ணம் சிறிதும் இல்லை. ஆயினும் இச்சொல்லினால் ஓராண்டு கழிந்துவிடுகிறது. அதன் பின்னர் நேர்த்திக்கடன், எண்ணெய் உருவுதல், யாரோ சொன்ன மருந்து என்று மற்றோர் ஆண்டு கழிகிறது. குழந்தை மூன்று வயதில் மருத்துவமனைக்கு வரும்போது கால்கள் விறைத்துக் கணுக்கால் மடங்காமல் போயிருக்கிறது. "முன்பே வந்திருக்கக் கூடாதா?" என்று மருத்துவர் கேட்கிறார். தாய் தலை குனிந்து நிற்கிறாள்.

அத்தாய் குற்றவாளி அல்லள். எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதையும், எங்கே செல்ல வேண்டும் என்பதையும் அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அவற்றைச் சொல்லுவதே இப்பாடத்தின் நோக்கம்.

வளர்ச்சியின் படிகள்

குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாகக் கவனிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் குழந்தையின் பருவங்கள் பத்தாக வகுக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தை ஒட்டி உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறையும் காலத்தில் தளர்நடை இட்டு வருவது வருகைப் பருவம். நம் முன்னோர் குழந்தையின் அசைவுகளை எத்துணை நுட்பமாகக் கவனித்துள்ளனர் என்பது இதனால் விளங்கும்.

இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்கு வளர்ந்த 816 குழந்தைகளைக் கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஓர் அளவை வெளியிட்டது. அதன்படி, பிடிப்பின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதத்திற்குள் வருகிறது. பிடிப்பின்றி நிற்றல் 7 மாதம் முதல் 17 மாதத்திற்குள் வருகிறது. தானாக நடத்தல் 8 மாதம் முதல் 18 மாதத்திற்குள் வருகிறது. குழந்தைகள் யாவரும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதும், ஆனால் எல்லை ஒன்று உண்டு என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அவ்வெல்லைக்குள் முன்பின் ஆவது இயல்பு. எல்லையைத் தாண்டுவது ஆராயத் தக்கது.

தவழுதலைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. அவ்வாய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் அளவில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கினர். ஆதலால் தவழவில்லை என்ற ஒன்றை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருந்தால், வளர்ச்சியைப் பொறுத்தவரை அதை நான்கு மாதக் குழந்தையாகவே கருதல் வேண்டும். இரண்டு வயது வரையில் இவ்வாறு கணக்கிடுவர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காத்திராமல் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ காட்டுதல் வேண்டும்:

1. மூன்று மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்காமை. ஒலி கேட்டும் திரும்பாமை, திடுக்கிடாமை.

2. நான்கு மாதம் நிறைந்தும் தலை நில்லாமை.

3. ஆறு மாதம் ஆகியும் கைகளை எப்பொழுதும் இறுக மூடியே வைத்திருத்தல்.

4. ஒன்பது மாதம் நிறைந்தும் தானாக உட்காராமை.

5. ஓராண்டுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்றொரு கையை ஒதுக்கி வைத்தல். "இவன் இடக்கைப் பழக்கக்காரன்" என்று மகிழ்வதற்கு அது உரிய வயதன்று.

6. பதினெட்டு மாதம் நிறைந்தும் தானாக நடவாமை.

7. உடல் மிகவும் விறைப்பாகவோ, துணிபோல் துவண்டோ இருத்தல். தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போல் பின்னிக் கொள்ளுதல்.

8. எந்த வயதிலும், முன்பு செய்த ஒன்றை இப்பொழுது செய்ய மறந்துவிடுதல்.

வலிப்பு வந்தாலும், குழந்தை அடுத்தடுத்துத் திடீர் திடீரெனத் தலையைக் குனிந்து கைகால்களை உதறினாலும், அன்றைய தினமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது விளையாட்டன்று, தாமதித்தால் மூளைக்குக் கேடு விளைவிக்கும்.

குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை, பிறந்தவுடன் அழாமை, முதல் வாரத்தில் கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருந்தமை ஆகியவற்றுக்கு ஆளான குழந்தைகளை, அறிகுறி ஏதும் தோன்றாத போதும், முதல் இரண்டு ஆண்டுகள் தனிக் கவனத்துடன் பார்த்து வர வேண்டும்.

காரணம் காணுதல் முதற்கடமை

வளர்ச்சித் தாமதம் என்பது ஒரே நோயின் பெயரன்று. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பது போலவே இதற்கும் பல காரணங்கள் உண்டு. மூளை முடக்குவாதம் அவற்றுள் ஒன்று. கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ மூளையின் ஒரு பகுதி ஊறுபடுவதால் அது உண்டாகிறது. பிறவியிலேயே வரும் டவுன் நோய்க்குறி, தசை நோய்கள், சத்துக்குறைவு, காது கேளாமை, கண் தெரியாமை ஆகியவையும் குழந்தையைப் பின்தங்கச் செய்யும். தைராய்டுச் சுரப்புக் குறைவினாலும் தாமதம் நேரும்; பிறந்த சில வாரங்களுக்குள் கண்டறிந்து மாத்திரை கொடுத்தால் அக்கேட்டைத் தடுத்துவிடலாம். ஆதலால் பயிற்சியைத் தொடங்குவதோடு மருத்துவர் காரணத்தையும் ஆராய வேண்டும். காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும்.

ஆனால் காரணம் முழுவதும் தெரியும் வரையில் பயிற்சியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. வயலில் பயிர் வாடியிருந்தால், மண் பரிசோதனை முடிவு வரும் வரை நீரை நிறுத்தி வைப்பார் உண்டோ?

ஏன் உடனே தொடங்க வேண்டும்?

இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, மூளையின் இயல்பு. பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை மிக வேகமாக வளர்கிறது. அப்பொழுது நரம்புகளுக்கிடையே எண்ணற்ற இணைப்புகள் உண்டாகின்றன. பயன்படும் இணைப்பு வலுப்பெறும், பயன்படாதது மறையும். நடமாட்டம் உள்ள வரப்பு பாதையாகிறது. நடமாட்டம் அற்ற பாதையைப் புல் மூடிவிடுகிறது. மூளையில் ஒரு பகுதி ஊறுபட்டிருந்தாலும், சிறு வயதில் வேறு வழிகளை உண்டாக்கிக் கொள்ளும் ஆற்றல் அதற்கு மிகுதி. அவ்வழிகளை உண்டாக்குவது குழந்தையின் சொந்த அசைவே.

இரண்டாவது, வளர்ச்சியின் காலக்கணக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மூளை முடக்குவாதம் உள்ள 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடத்தப் பெற்றது. அதன் முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உட்காருதல், நிற்றல், நடத்தல் போன்ற ஆற்றல்களில், தாம் அடையக்கூடிய அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அக்குழந்தைகள் ஐந்து வயதுக்குள் அடைந்துவிடுகின்றனர் என்று அது காட்டியது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களோ மூன்று வயதுக்கு முன்னரே அந்நிலையை எட்டிவிடுகின்றனர். பள்ளியில் சேர்க்கும் வயதில் பார்த்துக் கொள்ளலாம் என்று இருப்பவர் பருவத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் வரும் கேடு. மூளையில் ஏற்பட்ட ஊறு பெருகுவதில்லை. ஆனால் விறைத்த தசை எலும்பின் வளர்ச்சிக்கு ஈடு கொடுக்க முடியாமல் குறுகுகிறது. மூட்டு மடங்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறது. தொடக்கத்தில் வலி இராது. ஆதலால் வீட்டார் அறிவதில்லை. சுவீடனின் தென் பகுதியில் 1994-ஆம் ஆண்டு முதல் இத்தகைய குழந்தைகள் அனைவரையும் பட்டியலிட்டு, குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்து, தக்க சிகிச்சை அளித்து வருகின்றனர். அதனால் அங்கு இடுப்பு முற்றிலும் நழுவுதல் மிக அரிதாகிவிட்டது. முறையாகக் கவனித்தால் தடுக்கக்கூடிய துன்பம் இது.

மூளை முடக்குவாதம் மட்டுமன்று. பிற தாமதங்களிலும் முன்பயிற்சியின் பயன் அறியப்பட்டுள்ளது. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகள் பொதுவாக இரண்டு வயதை ஒட்டி நடக்கின்றனர். அமெரிக்காவில் அத்தகைய 30 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு பிரிவினரை வாரத்தில் ஐந்து நாட்கள் சில நிமிடங்கள் மெல்ல ஓடும் சிறு நடைப்பட்டையின் மீது பெற்றோர் பிடித்து நிறுத்தி அடி எடுத்து வைக்கச் செய்தனர். அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் 101 நாட்கள் முன்னதாகத் தாமாக நடந்தனர். இப்பயிற்சியை வீட்டிலேயே அளித்தவர்கள் பெற்றோர்களே என்பது நினைவில் வைக்கத் தக்கது.

இயன்முறை மருத்துவர் செய்வது யாது?

இயன்முறை மருத்துவர் ஊசி போடுவதில்லை. முதலில் குழந்தையின் தசை விறைப்பையும் வலிமையையும், மூட்டுகளின் அசைவையும், அது தானாகச் செய்யக்கூடியதையும் சோதிக்கிறார். பின்னர், அடுத்து எட்டக்கூடிய ஒரு சிறு குறிக்கோளைப் பெற்றோருடன் கலந்து முடிவு செய்கிறார். "நடக்க வைத்தல்" என்பது பெரிய சொல். "இரண்டு மாதத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரு கைகளாலும் பந்தைப் பிடித்தல்" என்பது எட்டக்கூடிய குறிக்கோள். அது நிறைவேறியதும் அடுத்த குறிக்கோள்.

பயிற்சியின் அடிப்படை விதி ஒன்றுண்டு. குழந்தை தானே முயன்று செய்யும் அசைவே அதற்குக் கற்பிக்கும். குழந்தை படுத்திருக்க, பிறர் அதன் கைகால்களைப் பிடித்து ஆட்டிக் கொண்டிருந்தால், உழைப்பவர் ஆட்டுபவரே. நாற்றைப் பிடித்து மேலே இழுப்பதனால் பயிர் உயராது. ஆதலால் நல்ல இயன்முறை மருத்துவர், குழந்தை விரும்பும் பொருளைச் சற்று எட்டாமல் வைத்து, அதை அடையக் குழந்தையே முயலுமாறு செய்வார்.

ஒரு பக்கம் மட்டும் பலவீனமாயுள்ள குழந்தைக்கு, நல்ல கைக்கு மெல்லிய துணி உறை அணிவித்து, நாள்தோறும் சிறிது நேரம் பலவீனமான கையாலேயே விளையாடச் செய்யும் முறை நற்பயன் தருகிறது. கணுக்கால் விறைத்தவர்க்குக் காலின் அளவுக்கேற்பச் செய்த பிளாஸ்டிக் தாங்கி அணிவிக்கப் பெறும். நிற்க இயலாதவர்க்குச் சாய்வு நிற்கைப் பலகை பயன்படும். பேச்சுப் பயிற்சியாளரும், கைத்தொழில் முறைப் பயிற்சியாளரும், சிறப்பாசிரியரும் தேவைக்கேற்ப இப்பணியில் சேர்ந்து கொள்வர்.

வீட்டில் செய்யத் தக்கவை

வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனையில் அரைமணி நேரம் பயிற்சி நடக்கலாம். எஞ்சிய நேரம் முழுவதும் குழந்தை இருப்பது வீட்டில். ஆதலால் தாய், தந்தை, பாட்டி, அண்ணன், அக்காள் யாவரும் பயிற்சியாளர்களாதல் வேண்டும். இதற்கெனத் தனி நேரம் தேடி அலைய வேண்டியதில்லை; குளிப்பாட்டும்போதும், உடுத்தும்போதும், ஊட்டும்போதும் பயிற்சியைச் சேர்த்துக் கொள்ளலாம்.

குப்புறக் கிடத்துதல்: குழந்தை விழித்திருக்கும்போது பாயில் குப்புறக் கிடத்தி, எதிரே அமர்ந்து பேசுங்கள், கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். தலை, கழுத்து, தோள் ஆகியவை வலுப்பெறும். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு நாளொன்றுக்கு மொத்தம் அரைமணி நேரமேனும் இது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. ஒரே மூச்சில் அன்று; இரண்டு மூன்று நிமிடங்களாகப் பிரித்துச் செய்யலாம். உறங்கும்போது மட்டும் மல்லாந்தே கிடத்த வேண்டும்.

தரையில் விடுதல்: தூளி நல்லதே, உறக்கத்திற்கு உதவும். ஆனால் வேலை நேரம் முழுவதும் குழந்தை தூளியிலேயே கிடந்தால், புரளவும் எட்டவும் அதற்கு இடமில்லை. விழித்திருக்கும் நேரத்தில் தரையில் பாய் விரித்து விடுதல் வேண்டும்.

இடுப்பில் தூக்குதல்: நம் பெண்கள் குழந்தையைக் கால் அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்கும் வழக்கம், கால்கள் பின்னிக் கொள்ளும் குழந்தைக்கு மிகவும் ஏற்றது. நீட்டிப் படுக்க வைத்துத் தூக்குவதைக் காட்டிலும் இது சிறந்தது.

நிமிர்த்தி ஊட்டுதல்: படுக்க வைத்து ஊட்டினால் புரையேறும், உணவு மூச்சுக்குழலில் சென்று நோய் தரும். தலை சற்று முன்சாய, முதுகு நிமிர்ந்திருக்கச் செய்து ஊட்டுக.

பேசுதல்: எதைச் செய்தாலும் அதைச் சொல்லிக் கொண்டே செய்யுங்கள். தாலாட்டும், "கைவீசம்மா" போன்ற விளையாட்டுகளும் காதுக்கும் கைக்கும் சேர்த்துப் பயிற்சியாகின்றன.

தவிர்க்க வேண்டியவை

எண்ணெய் தேய்த்து மெல்ல நீவுவதில் கேடில்லை. ஆனால் விறைத்த கைகால்களை வலிந்து இழுத்து நீட்டலாகாது. தசை கிழியவும், மெலிந்த எலும்பு முறியவும் கூடும்.

சக்கரம் பொருந்திய, குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் வாக்கர் என்னும் சாதனத்தைத் தவிர்க்க வேண்டும். அது நடையைக் கற்பிப்பதில்லை. படியில் உருண்டு விபத்தும் நேர்கிறது. கனடா நாடு 2004-ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் தச்சர் செய்து தரும் பழைய மர நடைவண்டி இதினின்று வேறானது. நிற்கக் கற்றுவிட்ட குழந்தை தன் காலில் தானே நின்று அதைத் தள்ளிச் செல்கிறது. பெரியவர் உடனிருக்க அதைப் பயன்படுத்தலாம்.

முற்றிலும் குணமாக்குவோம் என்று கூறிப் பெருந்தொகை கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். நிலத்தை விற்றுச் செய்யும் சிகிச்சை இதுவன்று. பொறுமையும், நாள் தவறாத பயிற்சியுமே இதற்குரிய செலவு.

உண்மையை உள்ளபடி அறிதல்

இயன்முறை மருத்துவம் ஊறுபட்ட மூளையைப் பழைய நிலைக்குத் திருப்புவதில்லை. பயிற்சி பெற்ற குழந்தைகள் யாவரும் நடந்துவிடுவர் என்று கூறுவதும் பொய்யாகும். சிலர் ஓடுவர், சிலர் ஊன்றுகோலுடன் நடப்பர், சிலர் சக்கர நாற்காலியில் பள்ளிக்குச் செல்வர். தலை நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கையால் உணவெடுத்து உண்ணக் கற்ற குழந்தையும் வெற்றி பெற்ற குழந்தையே. அதன் தாய்க்கு அதனால் கிடைக்கும் ஓய்வும் ஒரு வெற்றியே. வேறு சில குழந்தைகள் சிறிது பயிற்சியிலேயே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவர். எந்தக் குழந்தை எவ்வகை என்பதைத் தொடக்கத்தில் உறுதியாகச் சொல்ல இயலாது. தேவையற்ற குழந்தைக்குச் சிறிது பயிற்சி அளித்தால் நட்டமில்லை. தேவையான குழந்தைக்கு அளிக்காவிடில் நட்டம் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

2013-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்ற தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைச் சோதித்தல் வேண்டும். பிறவிக் குறைகள், சத்துக்குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கும் அவர்கள் பார்க்க வேண்டியவை. தாமதம் கண்ட குழந்தைகளை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புவர். டி.இ.ஐ.சி. என்று இதைச் சுருக்கமாக வழங்குவர். அங்கு குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர் முதலியோரின் சேவை கட்டணமின்றிக் கிடைக்கும்.

தடுப்பூசி நாட்களையும் மறவாதீர். 6, 10, 14-ஆம் வாரங்களிலும், 9-ஆம் மாதத்திலும், 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் குழந்தை செவிலியர் முன் வருகிறது. அவ்வொவ்வொரு நாளும் வளர்ச்சியைக் கேட்டறியும் வாய்ப்பாகும். தாய்-சேய் அட்டையில் வளர்ச்சிப் படிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அப்பக்கத்தையும் செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக் கொண்டுள்ளது. மூளை முடக்குவாதமும் அவற்றுள் அடங்கும். அடையாள அட்டை பெற்றால் உதவித் தொகை, பயணச் சலுகை, சாதனங்கள் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அட்டை வரும் வரை பயிற்சியைத் தள்ளிப் போட வேண்டாம்.

கிராமத்திற்கே இச்சேவை வர இயலுமா எனில், இயலும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் அதற்குச் சான்று. பொறியியல் மாணவராயிருந்தபோது 1975-இல் தண்டுவடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் அச்சங்கத்தைத் தோற்றுவித்தார். அவருக்கு 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப் பெற்றது. அச்சங்கத்தார் சமுதாயப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகின்றனர். அப்பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து, முன்னேற்றத்தைக் கைக்கணினியில் பதிகின்றனர். அதைக் கண்டு வல்லுநர்கள் வழிகாட்டுகின்றனர். வல்லுநர் ஒவ்வொரு வீட்டுக்கும் நாள்தோறும் வர இயலாவிடினும், அவருடைய அறிவு வந்து சேர இவ்வாறு வழியுண்டு.

பஞ்சாயத்தின் பங்கு

குழந்தை பின்தங்குவதை அறிந்த குடும்பங்கள்கூடப் பயிற்சியைப் பாதியில் விடுகின்றன. காரணம் அறியாமை மட்டுமன்று. மாவட்டத் தலைநகர் சென்று வர ஒரு முழு நாள் ஆகிறது. அன்றைய கூலி போகிறது. பேருந்துச் செலவு சேர்கிறது. வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள ஆளில்லை. இத்தடைகளை ஒரு தாய் தனியே நீக்க இயலாது. ஊர் கூடி நீக்கலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத் தக்கவை இவை:

மருத்துவக் குழு வரும் நாளை முன்னரே அறிந்து ஊருக்கு அறிவித்தல். அங்கன்வாடிக்கு வராத கைக்குழந்தைகளையும், செங்கல் சூளைகளிலும் தோட்டங்களிலும் தங்கி உழைக்கும் வெளியூர்க் குடும்பங்களின் குழந்தைகளையும் அன்று அழைத்து வரச் செய்தல்.

பயிற்சிக்குச் செல்ல வேண்டிய குழந்தைகள் பலர் இருப்பின், மையத்தாரோடு பேசி அனைவருக்கும் ஒரே நாளைக் குறிக்கச் செய்து, ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்தல்.

அங்கன்வாடியிலோ பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ பயிற்சிக்கு ஒரு மூலையை ஒதுக்குதல். பாய், பந்து, மூங்கிலால் செய்த இணைக் கைப்பிடிகள், மூலையில் சாய்ந்து உட்காரும் மர இருக்கை ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் கூறும் அளவில் ஊர்த் தச்சரே செய்து தர முடியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் முறை ஏற்பட்டது. தங்கள் வட்டாரத்து இயன்முறை மருத்துவர் வரும் நாளை அறிந்து, அவருடைய ஆலோசனையைப் பெறலாம்.

கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை ஆண்டுக்கொரு முறையேனும் எடுத்துப் பேசுதல். பேசும்போது எந்தக் குழந்தையின் பெயரையும் குறிப்பிடலாகாது. குடும்பத்தின் மனம் புண்பட்டால் குழந்தை வீட்டுக்குள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட குழந்தைக்கு உதவி சென்று சேராது. முற்பிறப்பின் பாவம், தாயின் குற்றம் என்பன போன்ற பேச்சுகளைப் பெரியோர் அவ்விடத்திலேயே மறுத்துரைத்தல் வேண்டும்.

ஒவ்வோர் அங்கத்தினரும் தம்மைத் தாமே வினவிக் கொள்ளலாம்: என் வார்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுள் குறைமாதத்தில் பிறந்தவர் யார் என்பதைச் செவிலியர் கவனித்து வருகிறாரா? சென்ற முறை மருத்துவக் குழு எப்பொழுது வந்தது? அனுப்பப்பட்ட குழந்தை உண்மையில் மையத்திற்குச் சென்றதா. சென்ற பின் தொடர்ந்து செல்கிறதா? கடைசி வினாவே முக்கியமானது. நட்டுவிட்டு நீர் பாய்ச்ச மறந்தவனுக்கு அறுவடை இல்லை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் பழமொழி. வளையும் பருவத்தில் ஒரு குழந்தையின் காலுக்கு நாம் அளிக்கும் உதவி, பின்னர் அக்குழந்தை பள்ளிக்கு நடந்து செல்லும் பாதையாக அமையலாம். சாலை போடுவதும், கிணறு வெட்டுவதும் கிராம அபிவிருத்திதான். அச்சாலையில் ஊரின் ஒவ்வொரு குழந்தையும் தன்னால் இயன்றவாறு செல்லும்படி செய்வதும் கிராம அபிவிருத்தியே. அதற்கு வேண்டிய முதல் வேலை மிகச் சிறியது: அடுத்த வீட்டுக் குழந்தை ஒன்பது மாதத்தில் உட்காரவில்லையெனக் கேள்விப்பட்டால், "தானாகச் சரியாகும்" என்று சொல்லாமல், "நாளைக் காலை செவிலியரிடம் காட்டுவோம், வாருங்கள்" என்று சொல்லுதல்.